மிச்ச மாத்திரைகள்

— கடைக்கு வாறவங்கள இப்படியே திருப்பி அனுப்பினா எப்படி மர்லியா? யட்டியாந்தோட்டையில நம்மட பார்மசி மட்டுமா ஈக்கு?

— டொக்டர்ட துண்டு இல்லாம அன்டிபயொட்டிக் குடுக்க ஏலாது. ஒங்கட பெயருல கடை ஈந்தாலும், படிச்சிட்டு வந்து மருந்து குடுக்கிறது நான்.

— சட்டம் எனக்கும் தெரியும். தோட்டத்து சனம், அனே, பாவம் தானே. டொக்டர பார்க்க அந்த மலையிலீந்து பஸ் ஏறி இறங்கோணும்.

— பாவம்னுதான் குடுக்கல்ல. காய்ச்சலுக்கு ரெண்டு, இருமலுக்கு ரெண்டு, சொகமானா மிச்சம் பக்கத்துக் காம்பரா வீட்டுக்கு. கிருமி பழகிப் போகும். மெய்யாவே உசிருக்கு ஆபத்தான நேரம் அந்த மருந்து கேக்காது.

— அண்டைக்கு மருந்து குடுக்கல்லன்னு தோட்டத்து மேல் டிவிசன் மூக்காயி கத்தின கத்து பஸார் முழுக்க கேட்டிச்சு. ‘தோட்டத்து ஆள்னா ஒனக்கு எளக்காரமா’ன்னு. எனக்கு வெளிய தலை காட்ட ஏலாமப் போச்சு.

— அவக்கு நடுக்கத்தோட காய்ச்சல், முதுகு வலி. யூரின்ல கிருமி ஏறியிருக்குமோன்னு பயந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சென்னேன். ஒங்கட த்ரீவீல்லயே கேகாலைக்கு கொண்டு போகச் சென்னேனே.

— ஏறினாத் தானே! புருசன இழுத்துக்கொண்டு வேற கடைக்குப் போயிட்டா... அங்க பாருங்க, அவட புருசன் காத்தமுத்து வாறாரு. கையில பெரிய பேக். சண்டைக்குத்தான். நீங்க உள்ளுக்குப் போங்க.

— நான் ஏன் போகோணும்? வாங்க காத்தமுத்தண்ணே. உக்காருங்க.

— இருக்கட்டும் மிஸ். நிலாம் நானா, நீங்க பயப்படாதீங்க, சண்டைக்கு வரலீங்க. இந்தப் பைய மிஸ்கிட்ட குடுக்கத்தான் வந்தேன்.

— என்னண்ணே இது? கெப்சூல், மாத்திரை, பாதி தின்ன கார்ட்... இவ்வளவும் எங்க ஈந்திச்சு?

— எங்க லயத்துல வீட்டுக்கு வீடு மிச்சம் கெடந்ததுங்க. சாமி படத்துக்குப் பின்னால, சீனி டப்பாக்குள்ள, தலகாணிக்கு அடியில. நானே கதவு கதவா தட்டி வாங்குனேன். ஆத்துல கொட்டிரலாம்னு பாத்தேன். அப்புறம் மிஸ்கிட்ட ஒரு வார்த்த கேப்போம்னு தோணுச்சு.

— நல்ல வேளை கொட்டல்ல. தண்ணியில கலந்தா அங்க உள்ள கிருமியும் பழகிரும். வைங்க, இத முறையா அழிக்க நான் பாத்துக்கொள்றேன்.

— கேட்டதும் குடுத்துட்டாங்களா காத்தமுத்து?

— லேசுல குடுக்கலீங்க நானா. ‘நாளைக்கு எம்புள்ள காய்ச்சல்ல கெடந்தா நீயா மருந்து தருவ’ன்னு மொறச்சாளுக. கடைசியில மூக்காயிய கேகாலை ஆஸ்பத்திரியில சேத்தப்ப டொக்டரய்யா சொன்னத அப்படியே சொன்னேன். மூக்காயி ஒடம்புக் கிருமிய எடுத்து, ஒவ்வொரு மருந்தா வச்சு பாத்தாங்களாம். நம்ம ஆளுக வழக்கமா முழுங்குற ஒண்ணுக்கும் அது அசையலயாம். ‘இந்தக் கிருமி இவங்ககிட்ட மட்டும் இருக்காது, லயத்துல இன்னும் எத்தன பேருகிட்ட இருக்கோ’ன்னாரு. அதக் கேட்ட பொறகுதாங்க டப்பாவத் தெறந்தாளுக.

— தனியா நிண்டு பெரிய வேலை செஞ்சிருக்கீங்கண்ணே. நான் கத்திக் கத்திச் சென்னதுக்கு ஒரு கார்ட் கூட திரும்பி வரல்ல. மூக்காயிக்கு இப்ப எப்படி?

— அவதாங்க மிஸ், கட்டில்ல கெடந்துகிட்டு என் கையப் புடிச்சு சொன்னா. ‘கேட்டதக் குடுத்தவன் எல்லாம் நம்மள வெரட்டி விட்டான்யா. அந்த மிஸ் மட்டும்தான் நம்மளையும் மனுசரா நெனச்சு, இல்லன்னு சொன்னுச்சு. நீ போயி அவங்கள லயத்துக்கு கூட்டிட்டு வா. எல்லாருக்கும் அவங்க வாயாலயே சொல்லட்டும்’னு.

— யா அல்லாஹ்... மூக்காயியா அப்படிச் சென்னா?

— கண்ணத் தொடைங்க மர்லியா. காத்தமுத்து, எப்ப வரோணும்னு மட்டும் செல்லுங்க. கடைய மூடிட்டு நானே கூட்டிக்கொண்டு வாறேன். மலை ஏறாட்டி த்ரீவீல தள்ளிக்கொண்டாவது வாறேன்.

— ஞாயித்துக்கெழம காலையில வந்துருங்க நானா. மேல் டிவிசன், கீழ் டிவிசன், பொம்பள ஆம்பள எல்லாரும் ஒரே எடத்துல இருப்பாங்க. அப்படி ஒரு கூட்டம் லேசுல சேராது.

— ஞாயிறு என்ன, கோயில்ல திருவிழாவா?

— இல்லீங்க நானா. மூக்காயிக்கு கருமாதி.