அழிக்காதேன்னு ஒரு வரி

இல்ல மேடம், அது லாரில போற கன்டெய்னர் இல்ல. நீங்க சிரிக்கறீங்க, எங்க மாமியாரு ரங்கம்மா இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டு இருக்காங்க. எம் மருமவ சிப்காட்ல கன்டெய்னரு ஏத்தி எறக்குறான்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காங்க. போன வாரம் ஒருத்தரு போன் பண்ணி, ஏம்மா மாதேஸ்வரி, நம்ம வண்டி கிருஷ்ணகிரி டோல்கேட்ல நிக்குது, கொஞ்சம் சொல்லி விடும்மாங்கறாரு.

டீ ஆறுது, குடிங்க. பெங்களூரு ஆபீஸ்லேர்ந்து எச்.ஆர். மேடமே வர்றாங்கன்னதும் லேப்ல எல்லாரும் காலைலேர்ந்து எங்கிட்ட துக்கம் விசாரிக்கற மாதிரியே பேசறாங்க. ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ தூரமா?

போடறேன் மேடம், கையெழுத்து எங்க ஓடிப்போவுது. ஆனா எதுக்குப் போடறேன்னு உங்களுக்கும் தெரியணும்ல. நாளைக்கு யாராச்சும் கேட்டா, அந்தப் பொண்ணு என்னாதான் பண்ணுச்சுன்னு உங்களுக்குச் சொல்லத் தெரியணும்.

அதாவது, செல்போன் டவருக்குப் பின்னாடி ஓடற சாஃப்ட்வேரு நம்மளது. உங்க போனு எந்த டவர்ல இருக்குன்னு குறிச்சு வெச்சுக்கணும், கால் வந்தா அங்க அனுப்பணும், அதான் அதோட வேல. அத டெஸ்ட் பண்ண நெசமான டவரையா தூக்கிட்டு வர முடியும்? அதனால கம்ப்யூட்டருக்குள்ளயே டப்பா டப்பாவா பண்ணி வெச்சிருக்காங்க. அதான் கன்டெய்னரு. ஒரு டப்பால சாஃப்ட்வேரு, ஒண்ணுல பொய் டவரு, ஒண்ணுல பொய் போனு. பட்டனைத் தட்டுனா எல்லாம் தானா எழும்பும். முந்நூத்திப் பதினாலு டெஸ்ட்டு தானா ஓடும். பொய் போனு பொய் போனுக்கு ஹலோ சொல்லும், மெசேஜ் போடும், ஆம்புலன்சக் கூப்பிடும். பாஸானா பச்ச, பெயிலானா செவப்பு. முடிஞ்சதும் டப்பா தானா அழிஞ்சிரும். அடுத்த தடவ புதுசு.

ஆமா, ஒவ்வொரு தடவையும் புதுசுதான். சட்டி கழுவற வேலயே கெடையாது. எங்கூட்டுக்காரரு முனிவேலுகிட்ட சொன்னேன், தின்னு முடிச்சதும் தட்டு தானா அழிஞ்சிரணும்யா, எவ்ளோ நல்லா இருக்கும்னு. அவரு சொல்றாரு, இப்பவும் அப்படித்தான, நான் தின்னு முடிச்ச தட்ட அப்பறம் பாத்ததே இல்லியேன்னு.

என் வேலயா? தானா ஓடறதப் பாத்துட்டு உக்காந்திருக்கறது. சிரிக்காதீங்க மேடம், அதுக்குத்தான் பாலிடெக்னிக்ல மூணு வருசம் படிச்சேன். செவப்பு வந்தா ஏன் வந்துச்சுன்னு நோண்டணும். நோண்டறப்ப டப்பா அழிஞ்சு போச்சுன்னா என்னாத்த நோண்டறது? அதுக்காக, அழிக்காதேன்னு ஒரு வரி இருக்குது. அதப் போட்டுட்டா டப்பா அப்படியே நிக்கும். பாத்து முடிச்சதும் வரிய எடுத்துரணும். லேப் சட்டம் அது.

அந்த வரியத்தான் போன வெள்ளிக்கிழம எடுக்காமப் போயிட்டேன்.

ஆமாமா, நான் கையெழுத்துப் போட வேண்டிய இந்த லெட்டர்லயும் அதான் இருக்கு. ஸ்ரீராம் சார் எழுதுனது, எங்க டீம் லீடு. இங்கிலீஷ்ல அழகா எழுதுவாரு. பச்சக் கொழந்தைய வெச்சிருக்கறதால கவனம் தப்பி மறந்துட்டேனாம், இனிமே மறக்க மாட்டேனாம். லீவ் லெட்டர்ல கூட நான் இவ்ளோ நல்ல பிள்ளையா இருந்ததில்ல. அவரத் தப்பா நெனச்சுக்காதீங்க, நல்ல மனுசன். இதுல போட்டுட்டா ஒரு வார்னிங்கோட முடிஞ்சிரும் மாதேஸ்வரி, வேல போவாதுன்னு சொல்லி, இந்த பஜ்ஜியும் அவருதான் வாங்கி வெச்சுட்டுப் போனாரு.

நம்பற மாதிரிதான இருக்கு? கைக்கொழந்தக்காரின்னா எத வேணா மறப்பான்னு எல்லாருக்கும் ஒரு நம்பிக்க. பொய்யும் இல்ல. தர்ஷினிக்கு இப்ப ஒரு வயசு மூணு மாசம். போன மாசம் ஐடி கார்டுன்னு நெனச்சுக்கிட்டு அவளோட எச்சித்துணிய கழுத்துல மாட்டிட்டு வந்து கேட்ல நின்னேன். செக்யூரிட்டி பாத்துட்டு சல்யூட் அடிச்சு உள்ள விட்டுட்டாரு, அது வேற விசயம்.

வெள்ளிக்கிழமைக்கு வர்றேன். சாயந்திரத்துலேர்ந்து திங்கக்கிழம காலை வரைக்கும் அந்த டப்பா அழியவே இல்ல. அதே டப்பா, அதே முந்நூத்திப் பதினாலு டெஸ்ட்டு, சுத்திச் சுத்தி ஓடிக்கிட்டே இருந்திருக்கு. நான் வந்து பாக்கறேன், ஞாயித்துக்கிழம மத்தியானம் வரைக்கும் எல்லாம் பச்ச. அதுக்கு அப்பறம் ஒண்ணே ஒண்ணு மட்டும் செவப்பு. அடுத்த சுத்துலயும் செவப்பு. அதுக்கு அடுத்ததுலயும்.

எதுவா? 108 கூப்பிடற டெஸ்ட்டு.

பார்டர்ல, அத்திப்பள்ளி தாண்டறப்ப கால் கட்டாயிருச்சுன்னு உள்ள வர்றப்பவே சொன்னீங்கல்ல? உங்களுக்கு ஒரு தடவ. எங்கம்மா ஊரு தளிக்கு மேல மேடம். அங்க கட்டில்ல உக்காந்தா தமிழ்நாட்டு டவரு, ஜன்னல்கிட்ட போனா கர்நாடகா டவரு. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்றதுக்குள்ள நாலு தடவ மாநிலம் மாறும். மாடு பாட்டுக்கு அங்கியேதான் நிக்கும். போனு இந்தாண்ட வர்றப்ப எல்லாம் நம்ம சாஃப்ட்வேரு, இது எங்கிட்ட இருக்குன்னு ஒரு சீட்டு எழுதி வெச்சுக்குது. போனு அந்தாண்ட போனதும் சீட்டக் கிழிச்சிரணும். எப்பவாச்சும் ஒண்ணு கிழிக்காம விட்டுருது. அப்படிப் பழைய சீட்டா சேந்து சேந்து, அவசரத்துக்குக் கூப்பிடறப்ப போனு இங்க இருக்கு, அது அங்க தேடுது. கட்.

அதான் மேடம்! சரியாப் புடிச்சிட்டீங்க. புது டப்பால பழைய சீட்டு ஏது? அதனால எப்பவும் பச்ச. ஆனா ஊர்ல நெசமா ஓடறத யாரு தெனம் அழிச்சுப் புதுசா வெக்கறாங்க? அது மாசக்கணக்குல அப்படியே கெடந்து ஓடும்.

சொல்லாம இருப்பனா? திங்கக்கிழமயே சொன்னேன். ஸ்ரீராம் சார் டப்பாவ அழிச்சாரு, புதுசா எழுப்புனாரு, ஓட்டுனாரு. பச்ச. பாத்தியா, நீ கழுவாம வெச்சதுதான் கோளாறுன்னுட்டாரு. அவரச் சொல்லியும் குத்தமில்ல. மெஷினு மூணு நாளு மாட்டிக்கிச்சு, ரிலீஸ் தள்ளிப் போச்சு, அந்தாண்ட கஸ்டமரு கத்தறான். மறதில ஓடுன ஓட்டம் கணக்குல சேராதுன்னு கம்பெனி சட்டமே இருக்கு. முன்னாடியே திட்டம் எழுதி வெச்சு ஓட்டுனாத்தான் அது டெஸ்ட்டு. அதுல செவப்பு வந்தா சரி பண்ணாம வெளிய விட முடியாது. மறதின்னா, அந்தச் செவப்பத் தொடச்சிட்டு நாளைக்குக் காலைல ரிலீசு. இந்த லெட்டர் போய்ச் சேந்ததும் தொடச்சிருவாங்க.

தர்ஷினி போட்டோவா? இருங்க காட்டறேன். இந்தாங்க, மூஞ்சி பூரா ராகிக் களி. இவ பொறந்ததே ஒரு கூத்து மேடம். எங்கம்மா வீட்டுல இருந்தேன். காலைல பத்து மணிக்கு வலி எடுத்துருச்சு. முனிவேலு 108 அடிக்கறாரு. ஒரு தடவ தமிழ்ல ஹலோ, கட். ஒரு தடவ கன்னடத்துல ஹலோ. அதுவும் பரவால்ல, எங்களுக்கு ரெண்டும் வரும், தெலுங்குல கேட்டிருந்தாக்கூட வலிக்குதுன்னு சொல்லியிருப்போம். ஊர் பேரச் சொல்றதுக்குள்ள கட். மனுசன் போனத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு, தப்பிச்ச கோழியத் தொரத்தற மாதிரி தோட்டம் பூரா ஓடறாரு. நான் கட்டில்ல கெடந்து கத்தறேன், யோவ், ஜன்னல்கிட்ட வராத, அது கர்நாடகா!

ஆறு தடவ அடிச்சாரு. கடைசில மார்க்கெட்டுக்கு முட்டக்கோசு ஏத்திட்டுப் போன குட்டியானை வண்டிய நிறுத்தி, கோசு மேலயே படுத்துக்கிட்டுப் போனேன். ஆஸ்பத்திரி வாசல்லயே பொறந்துட்டா. நர்சம்மா தூக்கிப் பாத்துட்டு, ஏம்மா கொழந்த கோசு வாசன அடிக்குதுங்குது. இன்னிக்கும் கோசுப் பொரியல்னா மகாராணி வாயத் தொறக்க மாட்டாங்க.

அதே சாஃப்ட்வேரான்னா, எனக்குத் தெரியாது மேடம். தெரியாதத தெரியும்னு சொல்லக் கூடாது. ஆனா இது அறுந்த மாதிரியேதான் அதுவும் அறுந்துச்சு.

அப்பறம் ரெண்டு மாசம் கழிச்சு எங்கம்மா வீட்டுக்கு எதுத்த வீட்டு வெங்கடப்பன் மாமாவுக்கு நெஞ்சு வலி. அன்னிக்கும் ஆளுக்கு ஒரு போனத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. அன்னிக்கு கோசு வண்டி வரல.

பஜ்ஜி எடுத்துக்கங்க. இன்னும் சூடாத்தான் இருக்கு.

பேனா இருக்கு மேடம், எங்கிட்டயே இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதுல ஒரே ஒரு வார்த்தைய அடிச்சிட்டுப் போடலாமா? பெருசா ஒண்ணும் இல்ல. இந்த மறந்துட்டேங்கறத மட்டும்.

ஏன்னா, மூணு தடவ கேட்டேன் மேடம். டப்பாவ மூணு நாளு அழிக்காம ஓட்டிப் பாக்கலாம் சார்னு. மெஷினு காலி இல்ல, அப்படியெல்லாம் யாரும் ஓட்டறதில்லன்னாங்க. இருங்க, பைல ஒரு தாளு இருக்கு, டயப்பருக்கு அடியில. பயப்படாதீங்க, ஈரம் இல்ல. இதான் திட்டம். எந்த டப்பா, எத்தன சுத்து, எதப் பாக்கணும், எல்லாம் வரிசையா எழுதியிருக்கு. மேல தேதியப் பாருங்க. வெள்ளிக்கிழம, மத்தியானம் மூணே முக்காலு. ஆபீஸ் சிஸ்டத்துலயும் அதே நேரத்துக்கு ஏத்தி வெச்சிருக்கேன், ஒருத்தரும் தொறந்து பாக்கல. அழிக்காதேன்னு வரியப் போட்டது அஞ்சு மணிக்கு.

வேல போவும்னு தெரியும் மேடம். காலைல முனிவேலுகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். சரி, இன்னிலேர்ந்து தட்ட நான் கழுவிக்கறேன்னாரு. விசயம் எவ்ளோ பெருசுன்னு அப்பத்தான் எனக்கே ஒறச்சுது.

ஐடி கார்ட மறந்தது நெசந்தான். இத மறக்கல. அந்த வார்த்தைய அடிச்சாச்சு. எங்க போடணும், இங்கியா?