வெள்ளை நிறத்தை நம்பாத லேயர் அக்கா

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, பக்கத்து ஊர்களிலிருந்து வந்திருக்கும் திட்ட அலுவலர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவரே, மகளே, என்னோடு ஒரே மாடியில் வேலை செய்யும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். நம் நகரத் திட்ட அலுவலகத்தின் முதுநிலை வரைபட அலுவலரை அமைதியானவர் என்றார்கள், யார் மனமும் நோகாமல் நடந்தவர் என்றார்கள். வேறு யாருடைய அஞ்சலிக் கூட்டத்துக்கோ வந்துவிட்டேனோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. அவர் அமைதியானவரா? நம் மாடியில் அவர் குரல் கேட்காத அறை எது? அவரால் என் பொறுமை போன நாட்கள் உண்டு. என்னால் அவர் பொறுமை போகாத நாளே கிடையாது. நான் கணினி வலையமைப்புப் பொறுப்பாளன். சுருக்கமாகச் சொன்னால், அவரை மறித்தவன்.

அவரை ஏன் 'லேயர் அக்கா' என்று கூப்பிட்டோம் என்று அவர் மகள் நேற்று கேட்டாள். கணினி வரைபடத்தில் தெருக்கள் ஒரு தாள், வீடுகள் ஒரு தாள், வெள்ளமும் மண்சரிவும் வரக்கூடிய இடங்கள் இன்னொரு தாள். கண்ணாடித்தாள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அதைத்தான் லேயர் என்போம். மகளே, யார் எந்தக் கோப்பைக் கொண்டுபோனாலும் உன் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அபாய லேயரை ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்பதுதான்.

அந்த அபாய லேயர் எங்களிடம் எந்த லட்சணத்தில் இருந்தது? நில ஆய்வுத் துறை அதை இணையத்தில் வைத்து, மாதம் தவறாமல் திருத்துகிறது. நாம் என்றோ ஒருநாள் அதன் நகலை இறக்கி, பதினான்கு கணினிகளில் ஏற்றி, அதோடு மறந்துவிட்டோம். ஐந்து வருடப் பழைய நகல். அதைப் பார்த்துத்தான் கட்டட அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் ஒரு முதியோர் இல்லத்தின் கோப்பு வந்தது. மலைச்சரிவின் அடிவாரம். நம் நகலில் அந்த இடம் வெள்ளை, அதாவது அபாயம் இல்லை. அக்கா தன் கைபேசியில் துறையின் பக்கத்தைத் திறந்தார். அதே இடம் சிவப்பு. கோப்பை நிறுத்திவிட்டு நேராக என் அறைக்கு வந்தார்.

"தம்பி, நகல் எடுக்கிற கதையே வேணாம். நம்ம மென்பொருளை அவங்க சேவையோட நேரா இணைச்சிடலாம். அவங்க அங்க திருத்தினா நமக்கு இங்க தெரியும். ஒரே ஒரு முகவரிக்கு நீங்க வழி விடணும், அவ்வளவுதான்."

நான் என்ன சொன்னேன்? "வெளி முகவரிக்கெல்லாம் அனுமதி கிடையாதுக்கா. கடிதம் எழுதிக் குடுங்க" என்றேன். எழுதிக் கொடுத்தார். கோப்பு எண் இல்லை என்று திருப்பினேன். எண்ணோடு வந்தார். பிரிவுத் தலைவரின் கையெழுத்து இல்லை என்றேன். கையெழுத்தோடு வந்தார். படிவம் மாறிவிட்டது என்றேன். இப்படி ஒன்பது கடிதங்கள். அத்தனையும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. நேற்று எடுத்துப் படித்தேன். ஒன்பதிலும் கேட்டது ஒன்றையேதான். ஐந்து நிமிட வேலை அது. ஏழு மாதம் ஆக்கினேன்.

கடைசியில் வழி விட்டேன். இணைப்பு வந்தது. வந்த வேகத்தில் நம் ஊர் நடுக்கடலில் போய் உட்கார்ந்தது. ஓர் இடத்தைச் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும். அந்தச் சேவை அவற்றை ஒரு வரிசையில் அனுப்பியது, நம் மென்பொருள் மாற்றிப் படித்தது. இயக்குநர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊரே கடலுக்குள்ள இருக்கேம்மா, அப்ப வெள்ள அபாயம் கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. இரண்டு நாள் துருவி, அமைப்புகளுக்குள் ஒளிந்திருந்த ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டார். ஊர் கரையேறியது.

அதோடு விட்டாரா? இணைப்பு அறுந்தால் அந்த லேயர் வராது, திரை வெள்ளையாக இருக்கும். வெள்ளை என்றால் அபாயம் இல்லை என்று பழகிய கண்கள் நம்முடையவை. "வரலைங்கிறதும் இல்லைங்கிறதும் ஒண்ணா தம்பி?" என்று என்னைப் பிடித்து உலுக்கிவிட்டார். இணைப்பு இல்லாத நேரத்தில் திரை முழுக்கச் சாம்பல் நிறமாகி, 'விவரம் வரவில்லை' என்று எழுத்து வரும்படி செய்தார். பார்க்கச் சகிக்கவில்லை என்று முணுமுணுத்தோம். நானும்தான்.

இப்போது அந்த மழைநாளுக்கு வருகிறேன். மூன்று நாளாக விடாத மழை. காலையில் மேற்குச் சரிவில் வெடிப்புகளைப் பார்த்த ஆய்வுத் துறை, சிவப்பு எல்லையை அடிவாரம்வரை நீட்டியிருந்தது. "சரிவுக்குக் கீழ எத்தனை வீடு? பட்டியல் குடுங்க" என்று அவசரகால அறையிலிருந்து நமக்குத் தொலைபேசி வந்தது. அக்கா வரைபடத்தைத் திறந்தார். சாம்பல்.

காரணம் யார்? நான். அனுமதித்த முகவரிகளின் பட்டியலை முந்தின நாள் மாலை ஒழுங்குபடுத்தினேன். அதில் அக்காவின் முகவரியும் போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

"பழைய நகல் இருக்கே, அதைப் போட்டு அனுப்பிடுங்க" என்றார் ஒருவர். பழைய நகலில் அந்த அடிவாரம் வெள்ளை. ஒரு வீடுகூடப் பட்டியலில் வந்திருக்காது.

நான் அப்போது இயக்குநர் அறையில் கூட்டத்தில் இருந்தேன். என்ன கூட்டம்? எந்த மேசையை எந்த ஜன்னலோரம் போடுவது என்ற கூட்டம். அக்கா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். "தம்பி, எழுந்து வாங்க."

"கூட்டம் நடக்குதேம்மா" என்றார் இயக்குநர்.

"நடக்கட்டும் சார். இவர் மட்டும் வரட்டும். இல்லன்னா இவர் கம்ப்யூட்டரை நான் இங்க தூக்கிட்டு வர்றேன்."

எழுந்து போனேன். முகவரியைத் திரும்பச் சேர்த்தேன். நான்கு நிமிடம். சரிவு சிவந்தது. அதன்மேல் வீடுகளின் தாளை வைத்தார். நாற்பத்து மூன்று வீடுகள். பட்டியல் போனபோது மணி பதினொன்று இருபது. மூன்று மணிக்குள் எல்லோரையும் கல்லூரிக் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஐந்து மணிக்குச் சரிவு இறங்கியது. பத்தொன்பது வீடுகள் மண்ணுக்குள் போயின. அவற்றில் ஒருவரும் இல்லை.

இதற்கு நம் அலுவலகம் அவருக்கு என்ன கொடுத்தது? மெமோ. அனுமதியின்றிக் கூட்டத்துக்குள் நுழைந்ததற்கு விளக்கம் கேட்டு, மூன்று நாள் அவகாசத்துடன். தவறு செய்த எனக்கு ஒரு துண்டுச்சீட்டுகூட வரவில்லை. அக்கா ஒரே வரியில் பதில் எழுதினார்: 'அன்று மழை பெய்துகொண்டிருந்தது.' அந்த விளக்கம் திருப்திகரமாக இல்லை என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். இன்றுவரை அப்படியே இருக்கிறது. இயக்குநர் அவர்களே, நீங்கள் மேடையில் இருக்கும்போதே கேட்கிறேன். அதை அடித்துவிடுங்கள். அவருக்கு இனி ஆகவேண்டியது எதுவுமில்லை. நமக்கு ஆகவேண்டும்.

அடுத்த நான்கு மாதத்தில் சிறுநீரகங்கள் இரண்டும் அவரைக் கைவிட்டன. மருத்துவமனையிலிருந்தும் விட்டாரா? "பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அவ கூப்பிட்டா எடுக்காதீங்க தம்பி" என்றார் அவர் கணவர். அன்று மதியம் அந்தக் கணவரின் கைபேசியிலிருந்தே அழைப்பு வந்தது. அவராக்கும் என்று எடுத்தேன். அக்கா.

"இணைப்பு சரியா வருதான்னு தினம் மூணு இடத்தைத் துறைப் பக்கத்தோட ஒப்பிடச் சொன்னேனே, காலைல பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்க்கா, நீங்க படுங்க" என்றேன். பார்க்கவில்லை. அது அவருக்கும் தெரியும். "பொய் சொல்லத் தெரியல உங்களுக்கு" என்று வைத்துவிட்டார். நான் அவரோடு கடைசியாகப் பேசியது அதுதான். என்மீது எனக்கு வரும் எரிச்சலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை, நண்பர்களே. மாலையும் படமும் வைத்த இந்த மேசைமேல் வைக்க முடியாது.

ஆகவே என்னால் செய்ய முடிந்ததைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். சென்ற வியாழக்கிழமை முதல் தினமும் காலை ஒன்பது மணிக்கு அந்த மூன்று இடங்களையும் நான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஓய்வுபெறும்வரை பார்ப்பேன்.

பக்கத்து ஊர் அலுவலர்கள் ஆறு பேர் வந்திருக்கிறீர்கள். உங்கள் கணினிகளில் இருப்பது எத்தனை வருடப் பழைய நகல் என்று நான் கேட்கப்போவதில்லை. தலை குனிவதைப் பார்த்தாலே தெரிகிறது. புதன்கிழமை முதல் ஒவ்வோர் அலுவலகமாக வருகிறேன், இணைத்துத் தருகிறேன். எங்கள் வலையமைப்புப் பொறுப்பாளர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பீர்கள். அவரை என்னிடம் விடுங்கள். அவர் என்னென்ன சொல்வார் என்பது எனக்கு மனப்பாடம்.