ஒன்பது தடவை செத்தவர்

— ...நிறுத்துடா வில்மர், உன் புரோகிராமை! கோயில் மைக்குல காப்பிக்காட்டுப் பெரியவர் தோன் அர்சேசியோ ஒன்பதாவது தடவையா செத்துக்கிட்டிருக்காரு!

— மைக்குலயா? காதுல பாட்டு மாட்டியிருந்தேன், கேக்கலையே! சோயிலாக்கா, நான் சும்மா சோதனைதானே பண்றேன்! சாவு மாலைக்கு ஆர்டர் வந்தா, இந்தப் பூக்கடை கம்ப்யூட்டர் உங்க கோயில் சர்வரைக் கூப்பிட்டு சாவுச் சேதி சொல்லச் சொல்லணும். அம்புட்டுதான்.

— சொல்லிருச்சு ராசா. ஏன் ஒன்பது தடவை?

— அஞ்சு செகண்டுல பதில் வரலைன்னா மறுபடி கூப்பிடுன்னு எழுதியிருக்கேன்.

— கார்மென் மாதாவே! மைக்கு அஞ்சு நிமிசச் செபத்தோட படிச்சு முடிச்சாத்தானே என் சர்வர் பதில் சொல்லும்? அர்சேசியோ பொலிவார் தெ ஹெசூஸ் ஒர்தோன்யெஸ் வலரேசோ! பேரைச் சொல்லவே மூச்சு முட்டுது. உனக்கு வேற பேரே கிடைக்கலையா?

— 'ஊர்லயே நீளமான பேரு எங்கப்பா பேருதான், அது தாங்கிட்டா எல்லாம் தாங்கும்'னு அவரு பொண்ணு மரிட்சாதான் சொன்னா. அக்கா, ஞாயித்துக்கிழமை அவளைப் பொண்ணு கேட்டுப் போகணும். போன தடவையே அந்த மனுசன் நாயை அவுத்து விட்டாரு. ஆனா நான் சோதனை முகவரிக்குத்தான் அனுப்புனேன். அதுல சத்தமே வராதுன்னீங்களே!

— எங்க, காட்டு. இது நிஜ மைக்கோட முகவரிடா!

— முகவரி எழுதியிருந்த சீட்டுல இருந்ததை அப்படியே அடிச்சேன். சரி, சேதியை ரத்து பண்ற வாசல் எது?

— என் சர்வருக்குள்ள சேதி போக மூணே வாசல். சாவு, கல்யாணம், காணாமப் போன மாடு. நம்ம ஊர்ல செத்தவங்க யாரும் திரும்பி வரலையே, எதுக்கு வாசல் வைக்கணும்?

— மாட்டு வாசல்ல அனுப்புவமா? 'காணாமப் போன அர்சேசியோ கிடைச்சிட்டாரு'ன்னு?

— கொம்பு எத்தனை, வாலு என்ன நிறம்னு கேக்கும். ஐயோ, அந்தா வர்றாரு பாரு! கையில வெட்டுக்கத்தி!

— கதவைச் சாத்துங்கக்கா!

— பூக்கடைக்குக் கதவு எங்கடா இருக்கு? வாங்க தோன் அர்சேசியோ, உக்காருங்க.

— உக்கார்றதாவது! எவன்டா என்னைக் கொன்னது?

— நான்தான் ஐயா. தெரியாம. ஒன்பது தடவை.

— நீயா? காப்பிக்காட்டுலேர்ந்து வர்றேன், எதிர்ல வந்தவ எல்லாம் சிலுவை போட்டுக்கிட்டு ஓடுறா. கொல்லை வழியா வீட்டுக்குள்ள போயி கதவு மறைவுல நின்னு பாத்தா, கூடம் நெறைய சனம். மெழுகுவத்தி, ரொட்டி. என் காப்பியவே காய்ச்சிக் குடிச்சுக்கிட்டு என்னையே பத்தி நல்லதாப் பேசுறானுங்க! நடுவுல என் பொண்ணு. 'வில்மரைக் கட்டிக்கோ மகளேன்னுதான் அப்பா கடைசியா சொன்னாரு'ன்னு ஒரே அழுகை.

— அப்படிச் சொன்னீங்களா ஐயா?

— நான் எங்கடா சொன்னேன்? கடைசியா நாய்க்குச் சோறு வைன்னு சொன்னேன். ஆனா பாதிரியார் ஆமென்னுட்டாரு. ஊரே ஆமென்னுடுச்சு. செத்தவன் கடைசி வார்த்தையை இந்த ஊர்ல எவன் மீறியிருக்கான்? மீறுனா, 'ஏன்டா இன்னும் உயிரோட இருக்கே'ன்னு என்னையவே ஏசுவானுங்க. ஞாயித்துக்கிழமை வா. நாயைக் கட்டிப்போடுறேன். நான் போறேன், காப்பி தீர்றதுக்குள்ள உயிரோட இருக்கேன்னு சொல்லணும்.

— அக்கா! கேட்டீங்களா? கைதவறி செஞ்சது கல்யாணத்துல முடிஞ்சிருச்சு!

— கைதவறியா? அந்தச் சீட்டு யாரு எழுத்துடா?

— மரிட்சா எழுத்துதான். ஏன்?

— நேத்து அவ என்கிட்ட வந்து, 'செத்த சேதியைத் திருப்பி எடுக்க வாசல் ஏதாச்சும் இருக்காக்கா'ன்னு கேட்டா. இல்லைடின்னேன். சிரிச்சுக்கிட்டே போனா.