சிறு ஓய்வூதியத்தையும் பெரிதாய் மதித்த அம்மைக்கு

ஓய்வூதியப் பிரிவின் ஒளிவிளக்கே! கண்ணாடிச் சாளரத்தின் பின்னே கனிவே உருவாய் அமர்ந்திருந்து இன்று பணி நிறைவு பெறும் கண்காணிப்பாளர் அம்மையே! ஊரார் முதுமைக்கு ஊன்றுகோல் தேடித் தந்தே தம் இளமையைச் செலவிட்ட பெருந்தகையே! இரண்டாம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தவர்க்கெல்லாம் முதலில் நாற்காலியும், பிறகு தண்ணீரும், அதன் பிறகே விதிமுறையும் தந்த விருந்தோம்பலே! வணக்கம்; வணக்கம்; நெஞ்சார்ந்த வணக்கம்!

நம் பிரிவைத் தேடி வருவோர் பெருஞ்செல்வர் அல்லர். மருத்துவமனையில் சில ஆண்டு, பள்ளியில் சில ஆண்டு, பேருந்துப் பணிமனையில் கொஞ்ச காலம் என்று அரசு வேலைகளில் அங்கொரு கால் இங்கொரு கால் வைத்துப் பிழைத்தவர்கள். விட்டு வந்த இடங்களில் அவர்கள் பெயரில் ஒரு சின்ன ஓய்வூதியம் உறங்கிக் கிடக்கும். அதை இப்போதைய வேலையின் ஓய்வூதியத்தோடு சேர்ப்பதா, இல்லை மொத்தமாகக் கையில் வாங்கிக் கணக்கை முடிப்பதா என்று கேட்டு வருவார்கள். மற்றப் பிரிவினர் இவற்றைச் சில்லறைக் கோப்புகள் என்று சிரித்ததுண்டு. தாங்கள் ஒருநாளும் சிரித்ததில்லை. பெரிய அதிகாரியின் கோப்பைப் பிரிக்கும் அதே பணிவோடுதான் பெருக்குபவரின் கோப்பையும் பிரித்தீர்கள்.

"பொறுங்க மேடம்" என்று தங்களுக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர் தாங்கள் அறியாதது என்று நெடுநாள் நம்பி வந்தோம்; சென்ற வாரம்தான் ஏமாந்தோம். மொத்தமாக எடுக்க வருவோர் யாராயினும் தங்கள் வாயில் முதலில் வரும் சொல் "பொறுங்க" என்பதே. மைத்துனன் கடையில் போடப் போகிறேன் என்று துள்ளி வந்த ஓட்டுநரிடம், "பொறுங்க. உங்க மச்சானுக்கு வேற ஆள் கிடைப்பாங்க. உங்களுக்கு வேற வயசான காலம் கிடைக்குமா?" என்றீர்களே! அவர் தலையைச் சொறிந்தபடி படியிறங்கிப் போனதைப் பார்த்து இந்த அறையே சிரிப்பில் குலுங்கியதே!

ஆயினும் அம்மையே, தங்கள் பெருமை அந்தச் சொல்லில் மட்டும் இல்லை. அதை ஒருநாள் விழுங்கிக்கொண்டதிலும் இருக்கிறது. அன்று உடனிருந்த எங்களில் சிலருக்கு அதைச் சொல்லாமல் தங்களை வழியனுப்ப மனம் ஒப்பவில்லை.

அன்று ஒரு தம்பதியர் வந்தனர். மனைவி முன்பு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி வெளுத்தவர். பின்னர் பள்ளிச் சமையலறைக்கு மாறியவர். கணவர் தச்சர். சலவைக்கூடத்துச் சிறு ஓய்வூதியத்தைப் பள்ளி வேலைக்கு மாற்றிவிட வேண்டும் என்றார் தச்சர். தாங்களும் பார்த்தீர்கள், அதுவே நன்மை என்று மகிழ்ந்து சொன்னீர்கள். எங்கள் பிரிவில் இத்தனை எளிதாய் ஒரு வேலை முடிவது அரிது. ஆனால் அந்த அம்மாள் வாய் திறக்கவில்லை. மேசைமேல் கிடந்த கைத்துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அதை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை, தாங்கள் கவனித்தீர்கள்.

"அண்ணே, இதுக்கு கொஞ்ச நேரம் ஆகும். கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று தச்சரை அனுப்பிவிட்டு, "நீங்க என்னக்கா நினைக்கிறீங்க?" என்று கேட்டீர்கள்.

"நீங்க சொல்றதெல்லாம் நியாயம்தாம்மா. ஆனா எனக்கு இப்பவே வேணும்."

"எதுக்கு?"

"எங்க அக்கா கடல் தாண்டி இருக்கா. கண்ணு மங்கிட்டே வருது, இனிமே தேறாதுன்னுட்டாங்க. முழுசா இருட்டுறதுக்கு முன்னாடி என் மூஞ்சிய ஒரு தடவை பக்கத்துல பாக்கணுமாம். வீட்ல கேட்டா, போன்லயே முகம் தெரியுதேங்கிறாங்க." கைத்துண்டை மேசைமேல் வைத்துவிட்டு, "தொட்டுப் பாக்க முடியுமா போன்ல?" என்றார்.

தங்கள் உதட்டில் வழக்கமான அந்தச் சொல் வந்து நின்றதை நாங்கள் கண்டோம். அது வெளிவரவில்லை. அதற்குப் பதிலாக, எதையும் மறைக்காமல், எதையும் இனிப்பாக்காமல், "எடுத்துட்டா, பின்னாடி மாசாமாசம் இது வராது. திருப்பி வைக்கவும் வழி இல்லை. உடம்பு முடியாத நாள்ல இதை நினைச்சு வருத்தப்படுவீங்க" என்றீர்கள்.

"பணம் போச்சேன்னு வருத்தப்பட்டுக்கறேம்மா. போகாம விட்டோமேன்னு வருத்தப்பட என்னால முடியாது."

தாங்கள் பேனாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினீர்கள்.

தச்சர் திரும்பி வந்து செய்தி அறிந்தபோது எழுந்த கூச்சல் அடுத்த மாடிவரை கேட்டது. "நல்ல புத்தி சொல்வீங்கன்னுதானே கூட்டிட்டு வந்தேன்! குடும்பத்தைக் கெடுக்கவா இந்த ஆபீசு?" என்றார். தாங்கள் குரலை உயர்த்தவில்லை. "நல்லது கெட்டதை நான் சொல்லலாம் அண்ணே, சொல்லியாச்சு. வெளுத்தது அவங்க கை. முடிவும் அவங்களோடதுதான்."

அவர் நேரே மேலதிகாரியிடம் புகார் செய்தார். மேலதிகாரியும் தங்களை அழைத்து, ஓய்வூதிய உறுப்பினருக்கு நட்டம் தரும் வழியை ஏன் தடுக்கவில்லை என்று விளக்கம் கேட்டார். பதவி உயர்வுக்குத் தங்கள் பெயர் பரிந்துரையில் இருந்த நேரம் அது. வாய் தவறிவிட்டது, வேலைப் பளு என்று ஏதேனும் சொல்லித் தப்பியிருக்கலாம். "தெரிஞ்சேதான் செஞ்சேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தீர்கள். அந்த முறை உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. அவருக்கு முதலில் கைகொடுத்தவரும் தாங்களே.

மாதங்கள் சென்று ஒரு முற்பகலில் அதே தச்சர் தனியே படியேறி வந்தார். எங்கள் காவலர் எதற்கும் இருக்கட்டும் என்று அருகில் போய் நின்றார். தச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போயிட்டு வந்துட்டாம்மா. ஒரு மாசம் இருந்தா. அங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் தடவிட்டு உக்காந்திருந்தாங்களாம். இப்ப அக்காவுக்குச் சுத்தமா தெரியலை. நான் தடுத்திருந்தா இவ ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டா. சொல்லாமலே இருந்திருப்பா, காலம் பூரா. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

தாங்கள் தண்ணீர்க் குவளையை நகர்த்தினீர்கள். அவர் குடித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே என் பேர்லயும் ஏதாவது சின்னதா கிடக்குதான்னு பாருங்களேன்" என்றார். அரசு வேலையில் ஒருநாளும் இருந்திராத அந்த நல்ல மனிதருக்காகத் தாங்கள் முகம் மாறாமல் தேடிப் பார்த்துவிட்டு, "இல்லையேண்ணே" என்று வருத்தத்தோடு சொன்னது எங்கள் பிரிவின் அழியாச் சொத்து!

அதுமுதல் எவ்வளவு வரும் என்பதைச் சொல்லுமுன், எதற்கு என்பதைக் கேட்டீர்கள். கேட்டபின் பெரும்பாலோரைத் தடுத்தீர்கள். சிலரைத் தடுக்காமல் விட்டீர்கள். எவரைத் தடுப்பது, எவரை விடுவது என்று எந்த விதியிலும் எழுதியில்லை. அதை யார் இனி எங்களுக்குச் சொல்வார்?

இனி, சென்ற வாரத்துச் செய்தி. தங்கள் சொந்தக் கோப்பை முடித்துப் பெறத் தாங்களே சாளரத்தின் அந்தப் பக்கம், விண்ணப்பிக்க வருவோர் நாற்காலியில் வந்து அமர்ந்தீர்கள். "பொறுங்க மேடம் வந்திருக்கேன், கொஞ்சம் சீக்கிரம் பாருங்கப்பா" என்றீர்கள். எங்கள் மானம் போயிற்று! கோப்பைப் பார்த்த எங்கள் தட்டச்சர் திகைத்தார். மணமாகுமுன் நகராட்சி நூலகத்தில் பார்த்த வேலையின் சிறு ஓய்வூதியம் இன்னும் மாற்றப்படாமலே கிடந்தது.

"என்ன மேடம் இது! ஊருக்கெல்லாம் மாத்திக் குடுத்துட்டு உங்களோடத விட்டுட்டீங்களே! சேத்திருந்தா இன்னும் அதிகமா வந்திருக்குமே!"

தாங்கள் சிறுமிபோல் வெட்கப்பட்டுச் சிரித்தீர்கள். "தெரியும். அது என் கல்யாணத்துக்கு முந்தின பேர்ல இருக்கு. மாத்தினா இந்தப் பேரோட கலந்துடும். இப்பல்லாம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒருத்தரும் இல்லை. மாசத்துக்கு ஒரு தடவை அந்தப் பொண்ணு பேருக்கும் ஒண்ணு வரட்டுமே."

தட்டச்சர் எதற்கு என்று கேட்கவில்லை. இரண்டு கணக்கும் தனித்தனியே இருக்கட்டும் என்று குறித்து முடித்தார்.

அன்பே வடிவான அம்மையே! ஒருவர் எத்தனை ஆண்டு வாழ்வார் என்று கணித்தே ஓய்வூதிய நிதிகள் நடக்கின்றன என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் வகையில் அந்தக் கணிப்புகள் யாவும் பொய்த்துப் போகட்டும்! நோயின்றி, நொடியின்றி, நூலகத்துப் பெண்ணும் எங்கள் அம்மையும் மாதந்தோறும் தத்தம் பங்கை வாங்கி வாங்கி, இரண்டு நிதிக்கும் பெருநட்டம் வரும்வரை வாழ்க! வாழ்க! நீடு வாழ்க!

என்றும் தங்கள் அன்புக்குரிய,
ஓய்வூதியப் பிரிவுப் பணியாளர்கள்
(தட்டச்சரும் காவலரும் உட்பட)