எடை என்றால் எடை

எங்கள் வீட்டு உப்பு டப்பாவில் 'உப்பு' என்று ஒட்டியிருக்கும். ஒட்டியது நான்தான். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'தூள், ஈரக் கரண்டி கூடாது' என்றும் இருக்கும். கல்யாணமான புதிதில் என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "வெள்ளையா இருக்கு, வாயில போட்டா கரிக்குது. இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்?" என்று கேட்டாள். சர்க்கரையும் வெள்ளைதானே என்றேன். அன்றைக்குச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஒட்டுவதை நான் நிறுத்தவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன் மேடம். என் வேலை என்னவென்று தெரியாமல் அது புரியாது, அதனால்தான் இந்தச் சுற்றுவழி.

நாங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிறோம். திரையில் காலிக் கட்டங்கள் வரும் இல்லையா, பெயர், பிறந்த தேதி, ரத்த வகை என்று? அந்தக் கட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது, அதற்கு என்ன விளக்கம் எழுதுவது, உள்ளே எண் வர வேண்டுமா எழுத்து வர வேண்டுமா, புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம், எது வந்தால் ஏற்கக் கூடாது, இதையெல்லாம் முடிவு செய்வது நான். மென்பொருள் எழுதுகிறவர்கள்தான் எங்கள் அலுவலகத்தில் கதாநாயகர்கள். நான் சினிமாவில் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நடந்து போகிற ஆள். ஆனால் குடை கோணலாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

சண்டை போட்டிருக்கிறேன். 'தேதி' என்று மட்டும் போட்டால் எந்தத் தேதி, சேர்ந்த தேதியா, பிறந்த தேதியா, நாள் முதலில் வருமா மாதம் முதலில் வருமா என்று கேட்டுக் கேட்டு ஒரு புரோகிராமரை அழ வைத்திருக்கிறேன். பெரிய ஆள், மீசை எல்லாம் உண்டு. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அதை அப்போது என் சாதனை என்று நினைத்தேன்.

என் மனைவியின் தம்பியை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்று சொல்வார்களே, அந்த மாதிரி. கெட்டிக்காரன், கலகலப்பானவன். ஒரு அறைக்குள் நுழைந்தால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நாற்காலி கொஞ்சம் வசதியாகிவிட்ட மாதிரி இருக்கும். வந்த வேகத்தில் மேலே போனான். திரைகளை வடிவமைக்கும் பிரிவுக்குத் தலைவன் ஆனான். அதாவது எனக்கும் தலைவன். அலுவலகத்திலும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். எல்லார் முன்னாலும், அன்பாக. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று நானே எனக்கு நிறையத் தடவை சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் கூட்டம் போட்டான். குழந்தைகள் வார்டுக்கான திரையைப் புதிதாகச் செய்ய வேண்டும். பழைய திரையைச் சுவரில் பெரிதாகக் காட்டினான். 'எடை (கிலோகிராமில், புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம், காலணி இல்லாமல்).' எல்லாம் என் எழுத்து.

"இது திரையா, இல்ல மருந்து டப்பாவுக்குள்ள மடிச்சு வச்சிருக்கற காகிதமா?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடச் சத்தமாக. எழுதியது யார் என்று அவன் சொல்லவில்லை, பெருந்தன்மையாக விட்டுவிட்டான். காலணி என்ற சொல்லே போதுமாக இருந்தது. வேறு யார் அலுவலகத்தில் செருப்பைக் காலணி என்று எழுதுவார்கள்? அன்று மாலைக்குள் எனக்கு 'லேபிள் மாமா' என்று பெயர் வந்துவிட்டது. டீ கொண்டு வருகிறவர்கூட, "லேபிள் மாமா, சர்க்கரை போடலாமா?" என்றார். போடலாம் என்றேன். எனக்குச் சர்க்கரை ஆகாது.

கூட்டம் முடிந்ததும் அவன் என் மேஜைக்கு வந்தான். தோளில் கை வைத்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. லேபிள்ல 'எடை'ன்னு மட்டும் இருக்கட்டும். பக்கத்துல ஒரு கேள்விக்குறி வைக்கிறேன், அதைத் தொட்டா உங்க விளக்கம் வரும். கிலோ, இலக்கம் எல்லாத்தையும் அங்க எழுதிடுங்க. உங்க அளவுக்கு யாரு எழுத முடியும்?"

"காலணி?"

"காலணியும்தான் மாமா," என்று சிரித்தான்.

நியாயமான ஏற்பாடு. இப்போது நினைத்தாலும் நியாயமாகத்தான் படுகிறது. அவன் முட்டாள் இல்லை.

விளக்கம் எழுதினேன். 'குழந்தையின் எடையை இங்கே உள்ளிடவும்.' பிழை இல்லாத வாக்கியம். யாரும் குறை சொல்ல முடியாது. இன்னொன்றும் செய்தேன். வயதுக்குப் பொருந்தாத எடையைப் போட்டால் திரை சிவப்பாகி, சரிதானா என்று கேட்கும்படி முன்பு நானே ஓர் எல்லை வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன். திரை எளிமையாக இருக்க வேண்டும் என்றார்கள், எளிமையாக்கினேன். இரண்டும் சேர்ந்து ஒரு காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

மென்பொருளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன் அவன் தலையை நீட்டிக் கேட்டான். "கிலோன்னு விளக்கத்துல போட்டாச்சுல்ல மாமா?"

"போட்டாச்சு," என்றேன்.

அவன் திறந்து பார்க்கவில்லை. என் வேலையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதுதான் அந்த அலுவலகத்தில் எனக்கு இருந்த ஒரே மரியாதை.

என்ன நினைத்துச் செய்தாய் என்று கேட்கிறீர்கள். சின்னதாக ஒரு குளறுபடி வரும், ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வரும், மறுபடி கூட்டம் போடுவார்கள், அப்போது நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்திருப்பேன் என்று நினைத்தேன். என்ன பேச வேண்டும் என்பதைக் குளிக்கும்போது ஒத்திகை பார்த்தேன். அடக்கமாக ஆரம்பித்து, கடைசியில் காலணி பற்றி ஒரு நகைச்சுவை வைத்திருந்தேன். நல்ல பேச்சு. வீணாகப் போய்விட்டது.

சில வாரங்கள் கழித்து அந்த வார்டின் தலைமை நர்ஸ் கூப்பிட்டார். உதவிக்கென்று கொடுத்திருந்த எண், சுற்றிச் சுற்றி என் மேஜைக்கு வந்தது.

"சார், எடைன்னு மட்டும் இருக்கு. எங்ககிட்ட ரெண்டு தராசு. பழசு பவுண்டுல காட்டும், புதுசு கிலோவுல காட்டும். எதைப் போடறது?"

"திரையில என்ன கேக்குதோ அதைப் போடுங்க சிஸ்டர்."

"திரையில எடைன்னுதானே சார் கேக்குது?"

"அப்ப எடையைப் போடுங்க. எடைன்னா எடை."

எதையோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்க சார், தேங்க்ஸ்," என்றார். மரியாதையானவர். போனை வைத்துவிட்டு நான் சிரித்தேன். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் மனைவியிடம் நடித்துக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன், ஆனால் அவள் தம்பி சம்பந்தப்பட்டது என்பதால் விட்டுவிட்டேன். எனக்கும் நாசூக்கு தெரியும்.

மருந்தின் அளவை அந்த எடையை வைத்துத்தான் கணினி கணக்குப் போடுகிறது. பவுண்டு எண்ணைக் கிலோ என்று எடுத்துக்கொண்டால் குழந்தைக்கு இரண்டு மடங்குக்கு மேல் மருந்து போகும். இது எனக்குத் தெரியுமா என்று நேற்று உங்கள் உதவியாளர் கேட்டார். தெரியும். அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் இருந்த விளக்கத்தையும் எழுதியது நான்தான்.

முதலில் ஒரு பையன். மருந்து கொடுத்ததும் தூங்கியவன் அடுத்த நாள் மதியம்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்து பசிக்கிறது என்றான். புகார் வந்தது, ஆனால் அது நர்ஸின் கவனப் பிசகு என்று ஆஸ்பத்திரியே முடிவு செய்துகொண்டது. கூட்டம் எதுவும் நடக்கவில்லை. பையன் நன்றாகிவிட்டான், அதுதான் சிக்கல். நன்றாகிவிட்ட பிள்ளைக்காக யாரும் ஒரு திரையை மாற்றுவதில்லை.

அப்போதே நான் அந்த ஒரு சொல்லைச் சேர்த்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. கர்சரைக்கூட அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். பக்கத்து மேஜைக்காரர், "என்ன லேபிள் மாமா, இன்னும் காலணியைத் தேடறீங்களா?" என்றார். நான் வேறு திரைக்குப் போய்விட்டேன்.

அடுத்தது அந்தப் பெண் குழந்தை. கை எலும்பு முறிந்து வந்திருந்தாள், ஊஞ்சலிலிருந்து விழுந்து. கட்டுப் போட்டாகிவிட்டது, வலிக்கு மருந்து கொடுத்தார்கள். மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிட்டது. அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று சத்தம் வராமல் பழம் நறுக்கிக்கொண்டு. தலைமை நர்ஸ்தான் போனில் சொன்னார். அந்தத் தடவை அவர் எதுவும் கேட்கவில்லை. "திரையில வந்த அளவைத்தான் சார் குடுத்தேன், திரையில வந்த அளவைத்தான் குடுத்தேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்பதில் நான் பொறுமைசாலி.

மச்சான் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். சமையலறையில் தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் டீ போட்டேன்.

"விளக்கத்துல கிலோன்னு இல்ல மாமா," என்றான். "இப்பதான் பாத்தேன்."

"போட்டேன்னுதாம்ப்பா நெனச்சேன். விட்டுப்போச்சு போல."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். இதுதான் முடிவு என்று நினைத்துக்கொண்டேன். அவன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க மேல தப்பில்ல மாமா. லேபிள்லேருந்து எடுக்கச் சொன்னது நான். திறந்து சரி பாக்காதது நான். நீங்க எதையும் மனசுல வச்சுக்காதீங்க. விசாரணையில நான் சொல்லிக்கறேன்."

"சரிப்பா," என்றேன். டீ ஆறிவிடும் என்றும் சொன்னேன்.

சொன்னபடியே செய்தான். எல்லாம் தன் பொறுப்பு என்று விசாரணைக் குழுவிடம் சொல்லிவிட்டு வேலையை விட்டான். இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் படுத்திருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறான், தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வெளியே குழந்தைகள் விளையாடும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துகிறான். தலைமை நர்ஸுக்கு இனி வார்டில் வேலை இல்லை. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை. என் மனைவி என்னிடம், "நீங்களாவது அவன்கிட்ட பேசுங்க, உங்க பேச்சைத்தான் கேப்பான்," என்கிறாள். பேசுகிறேன். உலகத்தில் தப்பு செய்யாதவன் யார் என்று ஆரம்பித்து நிறையச் சொல்கிறேன். அவன் தலையாட்டுகிறான்.

எனக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுத்தார்கள். அதோடு, இனிமேல் எல்லாத் திரைகளிலும் லேபிளையும் விளக்கத்தையும் நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே விட வேண்டும் என்று உத்தரவு. பழையபடி அடைப்புக்குறிகள் வந்துவிட்டன. காலணிகூட வந்துவிட்டது. யாரும் என்னை லேபிள் மாமா என்று கூப்பிடுவதில்லை, சார் என்கிறார்கள். நான் நினைத்ததெல்லாம் நடந்தது. கொஞ்சம் சுற்றிவளைத்து நடந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஏன் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தாய் என்பதுதானே உங்கள் கேள்வி? யாரும் தேடவில்லை, யாருக்கும் சந்தேகமில்லை, மனசாட்சி உறுத்தியதா என்கிறீர்கள். அப்படி எழுதிக்கொண்டால் எனக்கும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பொய் சொல்ல விருப்பமில்லை.

போன வாரம் விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. உட்கார்ந்து முழுக்க வாசித்தேன். நன்றாக எழுதியிருக்கிறார்கள், இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போனதைத் தவிர. அந்தக் குழந்தை எப்படி இறந்தது என்பதற்குக் காரணம் என்று ஒரே ஒரு வரி: 'விளக்கம் எழுதியவரின் கவனக்குறைவால் அளவின் அலகு விடுபட்டுவிட்டது.'

கவனக்குறைவு. என்னைப் பற்றி.

அந்த வரியோடு ஒரு வாரம் இருந்து பார்த்தேன் மேடம். முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. மச்சானும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேருமே சாப்பிடாமல் எழுந்திருக்கிறோம், என் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்து அழுகிறாள்.

அது விடுபடவில்லை. 'கிலோவில்' என்ற சொல் அங்கே இருந்தது. முதலில் நான் அதை எழுதியிருந்தேன், வழக்கம்போல. பிறகு அழித்தேன். அழித்த பின் வாக்கியம் நொண்டுகிறதா என்று ஒருமுறை வாசித்துப் பார்த்து, 'இங்கே' என்ற சொல்லைச் சேர்த்துச் சரி செய்தேன். எல்லையை எடுத்ததும் அப்படித்தான், தெரிந்தே எடுத்தேன். தலைமை நர்ஸ் போன் செய்து கேட்டபோதும் என்ன சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும். அந்தக் குழந்தையைக் கொன்றது நான்தான். மச்சான் இல்லை, நர்ஸ் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம். கவனமில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.