பத்து நிமிஷ அருவி

— ஏம்மா ஹேவோன், அந்த மனுஷன் மூச்சு வாங்கிக்கிட்டு, அருவிக்கு இன்னும் எவ்வளவு தூரம்னு கேட்டா, ஒன்றரை மணி நேரம்னா சொல்லுவ?

— ஒன்றரை மணி நேரம்தானேம்மா? நாம இறங்கி வந்த நேரத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

— யாரு இல்லைன்னா? மலையில அப்படிச் சொல்லப்படாது. "பத்தே நிமிஷம், வந்தாச்சு"ன்னு சொல்லிட்டு நடையைக் கட்டணும்.

— காலையில நமக்கும் நாலு பேரு அப்படித்தான் சொன்னாங்க. நாலு தடவையும் நம்பினேன்.

— நம்பினதாலதான் அருவியைப் பாத்த. திரும்பிப் பாரு, அவரு பொண்டாட்டி ஆத்தோரம் பாறையில உக்காந்து கிம்பாப் சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சுட்டா. இனி அவ எங்க எழுந்திரிக்க?

— ஓடிப்போய் மாத்திச் சொல்லிட்டு வரட்டுமா?

— கிழிஞ்சது போ. பாத்து வா, சருகுக்கு அடியில கல்லு வழுக்கும். என்ன, நொண்டுற?

— இல்லையே. புது ஷூ. கடிக்கல... கடிக்குதும்மா.

— உனக்குப் பொய்யே வராதாடி?

— வராது. சொன்னா காது செவந்துரும். உங்க மகன் தேகுன் அதுக்கே கிண்டல் பண்ணுவாரு.

— சரி, மத்தியானம் சாப்பிட்டியே, நான் ஊறப்போட்ட கோஸ் கிம்ச்சி எப்படி?

— கேக்காதீங்கம்மா.

— கேட்டாச்சு.

— கொஞ்சம் உப்புத் தூக்கல்.

— அடிப்பாவி. முப்பது வருஷமா ஒரு வாய் சொன்னதில்ல. செத்துப்போன எம் புருஷனும் சொல்லல. எம் மகன் மூணு கிண்ணம் தின்னுட்டு குடம் குடமா தண்ணி குடிப்பான், அவனும் சொல்லல.

— சிரிக்கிறீங்களா, கோவமா?

— ரெண்டும்தான். அதுக்கு ஏன் நின்னுட்ட?

— நான் தோத்துட்டேன்ல? தேகுன் சொன்னாரு, அம்மா யாரையாவது எடை போடணும்னா மலைக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்கன்னு. அவரை வர வேணாம்னு நீங்க சொன்னதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்மா. நீங்க வேணாம்னு சொல்லிட்டா எங்களுக்குக் கல்யாணமே நடக்காது.

— எடை போடத்தான் கூட்டிட்டு வந்தேன். மறைப்பானேன்.

— போட்டாச்சா?

— போட்டாச்சு. முதல்ல இந்த வெள்ளரிக்காயைக் கடி, அழுதுறாத. நாலு மாசமா எம் மகன்கிட்ட ஒரு சேதி சொல்லணும்னு பாக்கறேன். வாயைத் திறந்தா மழை, வெயிலு, கோஸ் விலைன்னு பேசிட்டு வந்துடறேன். அப்பன் போயி ஒன்பது வருஷமாச்சு, அவரு உக்காந்த நாற்காலியக்கூட இவன் நகத்த விடமாட்டான். பூசி மெழுகாம அவன் மூஞ்சிக்கு நேரா சொல்ல ஒரு ஆளு வேணும்.

— என்ன சேதிம்மா? உடம்புக்கு எதுவும்...

— உடம்புக்கு என்ன கேடு, உனக்கு முன்னாடி இறங்கறேன். அங்க பாரு, மரப்பாலத்துல.

— சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தரு கை ஆட்டுறாரு. தெரிஞ்சவரா?

— அவரைத்தான் அடுத்த மாசம் கட்டிக்கப்போறேன். தேகுன்கிட்ட நீதான் சொல்லணும், மருமகளே.