வாய்விட்டு இருமுங்க

புதுக்கோட்டையிலிருந்து அரிமளம் பஸ் கிளம்பியதுமே முன் சீட்டு அம்மாள் தம் வீட்டுக்காரரிடம் சொன்னதைக் கேட்டுக் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

"இன்னைக்கு ராத்திரியாவது வாய்விட்டு இருமுங்க."

அவருக்குக் காசநோய். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். டாக்டர் அவரைத் தனி அறையில் படுக்கச் சொல்லியிருக்கிறாராம்.

"ஒன் தூக்கம் கெடுமேன்னு துண்டை வாயில வச்சு அமுக்கிக்கிட்டு விடிய விடிய உக்காந்திருக்கேன். நீ இருமச் சொல்றியே!"

"சத்தம் கேட்டாத்தானே ஆளு இருக்கீங்கன்னு தெரியும்? கேக்கலேன்னா என்னால கண்ணை மூட முடியலைங்க."

"அப்ப நீயும் முழிச்சுக்கிட்டுத்தான் கெடக்கியா? அடிப்பாவி, ரெண்டு பேரும் தாயமாச்சும் ஆடியிருக்கலாமே!"

"வெளக்கு வச்சப்புறம் தாயம் ஆடுனா வீட்டுக்கு ஆகாதுங்க."

"இதுக்கு மேல என்னடி ஆகணும்?"

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, ஆடுவோம். நீங்க உள்ளயே இருங்க. நான் வாசப்படிக்கு இங்கிட்டு உக்காந்து ஒங்க காயையும் சேத்து நகத்துறேன்."

"நீயே நகத்துனா நான் எங்கிட்டு ஜெயிக்கிறது?"

"பாதியில தூங்கிருங்க. ஆட்டம் ஒங்களுக்குத்தான்."